சர்வரே இல்லாத மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வருவது எப்படி?

உங்கள் போனில் இருக்கும் ஏதோ ஒரு செயலியில் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனம் இரவோடு இரவாகத் தன் சர்வரில் கை வைக்கும். காலையில் நீங்கள் திறக்கும்போது ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் ஓடும். போட்ட திருத்தமே சொதப்பிவிட்டதா? சரி, முந்தைய பதிப்பை மறுபடி ஏற்றிவிட்டால் தீர்ந்தது. எத்தனை பேர் புதியதற்கு மாறினார்கள், யாருடைய போனில் எந்த இடத்தில் நின்றுபோனது என்கிற கணக்கெல்லாம் அவர்கள் அலுவலகத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹைஃபாநெட், ஐ-டூ-பி, மொனேரோ மாதிரியான மென்பொருள்களை உருவாக்குகிறவர்களுக்கு இவற்றில் ஒரு வசதிகூடக் கிடையாது.

இவற்றைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இயன் கிளார்க் 1999-இல் எழுதிய ஆய்வறிக்கையிலிருந்து பிறந்தது ஹைஃபாநெட். 2000-இல் ஃப்ரீநெட் என்ற பெயரில் வெளிவந்தது, 2023-இல்தான் இந்தப் புதுப் பெயர். கோப்புகளை 32 கிலோபைட் துண்டுகளாக்கி, குறியாக்கம் செய்து, பயனர்களின் கணினிகளிலேயே பரப்பி வைக்கும். எந்தத் துண்டை யார் போட்டார், யார் எடுத்தார் என்று பிடிப்பது கடினம். ஐ-டூ-பி உங்கள் தரவை மற்ற பயனர்களின் கணினிகள் வழியாகச் சுற்றவிட்டு அனுப்பும். மொனேரோ என்பது அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றையும் மறைக்கும் மின்பணம்.

மூன்றுக்கும் பொதுவானது, நடுவில் சர்வர் என்று ஒன்று இல்லாதது. நீங்கள் நிறுவும்போது உங்கள் கணினியே அந்த வலையின் ஒரு கணுவாகிவிடும். கணுக்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். இதைத்தான் பியர்-டு-பியர் என்கிறார்கள். மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கும். யார் பயன்படுத்துகிறார்கள் என்பது உருவாக்கியவர்களுக்கே தெரியாது, தெரியவும் கூடாது.

இந்த நிலையில் புதிய பதிப்பு வெளியிடுவது என்றால், உங்களுக்கு முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரு புதிய நிரலுக்கு மாறச் சொல்வது. அவர்களில் பலர் யாரையும் எளிதில் நம்பாதவர்கள், அதனால்தான் இந்த மென்பொருளையே தேடி வந்தார்கள். ஆகவே இங்கே வெளியீட்டு வேலையில் பாதி, புதிய வசதிகளைச் சேர்ப்பதில் போவதில்லை. வெளியிடுகிறவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில் போகிறது. கீழே வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

கதவைச் சாத்தும் நேரம்

எந்தத் திறமூலத் திட்டத்திலும் வெளியீட்டின் முதல் படி, "இனிமேல் புதிதாக எதுவும் உள்ளே வராது" என்று அறிவிப்பது. புதிய வசதிகள் அடுத்த பதிப்புக்குப் போய்விடும், பிழைத் திருத்தங்கள் மட்டும் நுழையும். திரையில் தெரியும் வாக்கியங்களையும் ஒரு தேதிக்கு மேல் மாற்றமாட்டார்கள். மாற்றினால் மொழிபெயர்ப்பவர்கள் செய்த வேலை வீணாகும். அப்புறம், மென்பொருள் சார்ந்திருக்கும் மற்ற நிரல்தொகுப்புகளில் ஏதாவது பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். புதிதாக நிறுவுகிறவரின் கணினிக்கு வலையில் யாரையும் தெரியாது என்பதால், முதன்முதலில் தொடர்பு கொள்ளச் சில முகவரிகளை மென்பொருளுக்குள்ளேயே வைத்து அனுப்புவது வழக்கம். அவற்றில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று இந்தக் கட்டத்தில்தான் சரிபார்ப்பார்கள்.

கடைசி நேரத்தில் "சும்மா கொஞ்சம் சுத்தம் செய்கிறேன்" என்று யாராவது கிளம்பினால் அனுபவசாலிகள் பதறுவார்கள். காரணம் இருக்கிறது. 2006-இல் டெபியன் லினக்ஸில், குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல்தொகுப்பைப் பராமரித்தவர், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியதால் ஓரிரு வரிகளை நீக்கினார். குறியாக்கச் சாவி உருவாக்கத் தேவையான ரேண்டம் எண்ணுக்கு உயிராக இருந்த வரிகள் அவை. அவை போனபின், கண்டுபிடிக்கவே முடியாததாக இருக்க வேண்டிய சாவிகள் சுமார் 32 ஆயிரம் சாத்தியங்களுக்குள் சுருங்கிவிட்டன. ஒரு சாதாரணக் கணினியே உட்கார்ந்து எண்ணிவிடலாம். 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. மென்பொருள் நன்றாக ஓடியது, சோதனைகள் எல்லாம் தேறின. இந்தத் துறையின் தலைவலியே அதுதான். அந்தரங்கம் உடைந்தால் திரையில் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

முன்வெளியீட்டுப் பதிப்பு என்று ஒன்றை விட்டு, விருப்பமுள்ளவர்களை ஓட்டிப் பார்க்கச் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். மொனேரோவுக்கு டெஸ்ட்நெட், ஸ்டேஜ்நெட் என்று பொய்ப்பணம் ஓடும் தனி வலைகளே உண்டு. ஆனாலும் எந்தச் சோதனை வலையும் நிஜ வலையாகிவிடாது. ஐந்து நாள் தொடர்ந்து ஓடினால் மட்டும் நினைவகத்தைத் தின்னும் பிழை, குறிப்பிட்ட வகை ரௌட்டருக்குப் பின்னால் மட்டும் இணைப்பு அறுந்துபோகும் பிழை எல்லாம் ஆயிரம் பேர் கைக்குப் போனபின்தான் தலைகாட்டும்.

பதிவுக் கோப்பு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிழை தேடும்போது நிரலாளர்கள் "எந்த ஐபி முகவரியோடு பேசினேன், எப்போது" என்று லாக் கோப்பில் எழுதவைப்பது இயல்பு. அதை நிறுத்தாமல் வெளியிட்டுவிட்டால், பயனரின் கணினியிலேயே அவருக்கு எதிரான சாட்சி தினமும் சேர்ந்துகொண்டிருக்கும். வெளியீட்டுக்கு முன் சரிபார்க்கும் பட்டியலில் இது சின்ன வரிதான், ஆனால் விட்டுவிடக்கூடாத வரி.

பழையதும் புதியதும் ஒரே வலையில்

புதிய பதிப்பு வந்த நாளன்றே எல்லோரும் மாறிவிடமாட்டார்கள். சிலர் மறுநாள், சிலர் அடுத்த மாதம், சிலர் எப்போதுமே இல்லை. அதனால் ஒரே வலையில் நாலைந்து பதிப்புகள் கலந்துதான் ஓடும், அவை ஒன்றோடொன்று பேசியும் ஆக வேண்டும். இரண்டு கணுக்கள் சந்தித்ததும் முதல் வேலையாகத் தங்கள் பதிப்பு எண்ணைச் சொல்லிக்கொள்ளும், இருவருக்கும் தெரிந்த மொழியில் பேச்சைத் தொடரும்.

இப்படியே காலம் முழுக்க ஓட்ட முடியாது. பழைய குறியாக்க முறையில் பலவீனம் தெரியவந்தால் ஒருநாள் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். ஹைஃபாநெட்டில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பில்ட் எண் உண்டு. "இந்த எண்ணுக்குக் கீழே இருப்பவர்களோடு பேசமாட்டேன்" என்ற குறைந்தபட்ச வரம்பு நிரலுக்குள்ளேயே இருக்கும். வரம்பை உயர்த்தினால் பழைய கணுக்கள் ஒதுக்கப்படும். அப்படியானால் நீண்ட நாள் கழித்துக் கணினியைத் திறப்பவர் என்ன செய்வார்? தானியங்கிப் புதுப்பிப்பு அந்த வலைக்குள்தான் வருகிறது, வலையோ அவரைச் சேர்க்கமாட்டேன் என்கிறது. இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய கணு வந்து கதவைத் தட்டினால், பக்கத்துக் கணு அதனோடு வேறு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளாது, புதிய பதிப்பின் கோப்பை மட்டும் கையில் கொடுத்துவிடும். பெற்றுக்கொண்ட கணு, கொடுத்தவரை நம்பத் தேவையில்லை. கோப்பில் இருக்கும் கையொப்பத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

மொனேரோவில் விஷயம் இன்னும் கறார். பணக்கணக்கு என்பதால் விதிகளில் அரைகுறைச் சம்மதம் சரிப்படாது. "இத்தனையாவது பிளாக்கிலிருந்து (பணப் பரிவர்த்தனைகள் பதிவாகும் தொகுதிதான் பிளாக்) புது விதி" என்று நிரலிலேயே எழுதி, முன்கூட்டியே வெளியிட்டு, எல்லோரும் மாற அவகாசம் கொடுப்பார்கள். அந்த பிளாக் வந்ததும் பழைய பதிப்பில் இருப்பவர் தனித்து நின்றுவிடுவார். ஹார்ட் ஃபோர்க் என்று இதைச் சொல்வார்கள்.

மாற்றத்தை மெதுவாகப் பரப்பும் வழியும் உண்டு. 2021-ஐ ஒட்டி ஐ-டூ-பி பழைய எல்கமால் குறியாக்கத்திலிருந்து புதிய முறைக்கு நகர்ந்தது. அப்போது ஒவ்வொரு கணுவும் மறுதொடக்கம் ஆகும்போது மனதுக்குள் பகடை உருட்டும், குறிப்பிட்ட எண் விழுந்தால் மட்டும் புதிய சாவிக்கு மாறும். எல்லாக் கணுக்களும் ஒரே நாளில் அடையாளம் மாறினால் வலையே தள்ளாடிப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு.

பியர்-டு-பியருக்கு இவ்வளவு போதும், அந்தரங்கம் என்று வரும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். ஊரே வெள்ளைச் சட்டை போட்டிருக்கும்போது முதல் ஆளாகச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவர் எப்படித் தனியாகத் தெரிவாரோ, அப்படித்தான் புதிய பதிப்பை முதல் நாளே நிறுவியவரும் தெரிவார். கடைசிவரை மாறாதவரும் அப்படித்தான். இந்த மென்பொருள்கள் ஒருவரை மறைப்பதே கூட்டத்துக்குள் கரைத்துத்தான். பதிப்புக்குப் பதிப்பு நடத்தை மாறினால் கூட்டம் துண்டு துண்டாகும்.

மொனேரோவின் வளையம் இதற்கு நல்ல உதாரணம். நீங்கள் பணம் செலவழிக்கும்போது உங்கள் உண்மையான காசோடு சில போலிகளையும் கலந்து, எது நிஜம் என்று தெரியாமல் செய்வார்கள். எத்தனை போலிகள் என்பதை முன்பு பயனரே தேர்ந்தெடுக்கலாம். அதிகம் வைத்தால் அதிகப் பாதுகாப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்ததோ நேர்மாறு. எப்போதும் வழக்கத்துக்கு மாறான ஒரு எண்ணையே வைக்கிற ஒருவரை, அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 2018 அக்டோபரில், உண்மையான காசையும் சேர்த்து வளையத்தில் 11 என்று எல்லோருக்கும் நிலையாக்கினார்கள், 2022 ஆகஸ்டில் அது 16 ஆனது. தெரிவைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் இந்த வகை மென்பொருளில் ஒரு புதிய அமைப்பு விருப்பத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் கூட்டத்தைப் பிளக்கும் வேலை. இயல்புநிலை எதுவோ அதையே பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்வார்கள், மாற்றுகிற சிலர் தனியாகத் தெரிவார்கள். அதனால் ஒரு நல்ல வெளியீட்டில் அமைப்புப் பக்கம் வளர்வதைவிடச் சுருங்குவதே எனக்கு நல்ல அறிகுறியாகப் படும்.

ஒரே நிரல், ஒரே கோப்பு

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் கடினமான பகுதி, எனக்குச் சுவையானதும் இதுதான்.

மூலநிரல் திறந்து கிடக்கிறது, யாரும் படிக்கலாம் என்கிறோம். ஆனால் பெரும்பாலானவர்கள் மூலநிரலை இறக்குவதில்லை. அதை யாரோ ஒருவர் தன் கணினியில் கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி, வைத்த கோப்பைத்தான் இறக்கி ஓட்டுகிறார்கள். அந்தக் கோப்பு, எல்லோரும் படிக்கும் அதே நிரலிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? கம்பைல் செய்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கணினிக்குள் அவருக்கே தெரியாமல் யாராவது புகுந்திருந்தால்?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியில், ரகசியமாக உள்ளே நுழைய வழிவிடும் பின்வாசல் ஒன்று வெளிப்பட்டது. லினக்ஸ் உலகம் முழுக்க இருக்கும் கருவி அது. நம்பிக்கையை மெல்ல மெல்லச் சம்பாதித்துப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒரு புனைபெயர்க்காரரின் கைவரிசை. கெட்ட நிரலின் உடல், சோதனைக் கோப்பு என்ற வேஷத்தில், மூலநிரலின் எல்லா மாற்றங்களையும் சேமித்துவைக்கும் கிட் (Git) களஞ்சியத்திலேயே கிடந்தது. அதைத் தட்டி எழுப்பும் சிறு ஸ்கிரிப்ட் மட்டும் களஞ்சியத்தில் இல்லை, 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுத் தொகுப்புக்குள் மட்டும் இருந்தது. அதாவது களஞ்சியத்தை வரிக்கு வரி படித்தவருக்கும் முழுப் படம் கிடைத்திருக்காது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவப் போய்த்தான் இது பிடிபட்டது. அரை வினாடியைச் சட்டை செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இதற்கான மருந்து, ஒரே மூலநிரலை யார் எங்கே கம்பைல் செய்தாலும் கடைசி பைட் வரை ஒரே கோப்பு வரும்படி செய்வது. அப்படிச் செய்துவிட்டால் ஒருவரை ஒருவர் அறியாத ஐந்து பேர் தனித்தனியாகக் கம்பைல் செய்து, ஹாஷ் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐந்தும் ஒன்றாக இருந்தால், ஐந்து பேரின் கணினியையும் ஒரே மாதிரி கெடுத்தவர் எவரும் இல்லை என்று ஓரளவு நிம்மதியாகலாம். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை. ஷா-256 முறையில் எவ்வளவு பெரிய கோப்பானாலும் 64 எழுத்துகளாக வரும், கோப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்த 64 எழுத்துகளில் பெரும்பாலானவை மாறிப்போகும்.

கேட்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் கணினி எவ்வளவு வம்பான பொருள் என்று தெரியும். ஹைஃபாநெட் ஜாவாவில் எழுதப்பட்டது, அதன் நிரல் ஜார் கோப்பாக வரும். ஜார் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான். ஜிப் தன்னுள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எப்போது மாறியது என்று நேரத்தை எழுதிவைக்கும். ஒரே நிரலை நீங்கள் பத்து மணிக்கும் நான் பத்தரை மணிக்கும் கம்பைல் செய்து கட்டினால், நிரலில் ஒரு வேறுபாடும் இல்லாமலே இரண்டு வேறு ஹாஷ் வரும். இதிலும் ஒரு கூத்து இருக்கிறது. ஜிப்பின் பழைய நேர வடிவம், நேர மண்டலத்தைக் குறிக்காமல் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதும், அதுவும் இரண்டு வினாடித் துல்லியத்தில். எனவே ஒரே நொடியில் கட்டினாலும் இருவரும் வேறு வேறு நாட்டில் இருந்தால் கோப்பு வேறாகிவிடும்.

இன்னும் இருக்கிறது. கோப்புகளை எந்த வரிசையில் எடுத்து அடுக்குவது என்பது வட்டின் அமைப்பைப் பொறுத்து மாறும். சில கம்பைலர்கள், நிரல் எந்த ஃபோல்டரில் இருந்தது என்பதைப் பயனர் பெயரோடு சேர்த்து உள்ளே எழுதிவிடும். புனைபெயரில் இயங்கும் ஒரு நிரலாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஐ-டூ-பியின் தொடக்ககாலத் தலைவரே ஜேரேண்டம் என்ற புனைபெயரில்தான் அறியப்பட்டவர். அப்படிப்பட்ட ஒருவர் வெளியிடும் கோப்புக்குள் கணினியின் பயனர் பெயரும் உள்ளூர் நேரமும் ஒளிந்திருந்தால், வேடம் கலைய வேறென்ன வேண்டும்? கிட் கருவியும், பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்திலும், அதாவது ஒவ்வொரு கமிட்டிலும், நேர மண்டலத்தை எழுதிவைக்கிற பழக்கம் உள்ளதுதான். ஒரே மாதிரி கோப்பு வரவைக்கும் வேலை, பயனரைக் காப்பதோடு உருவாக்கியவரையும் சேர்த்துக் காக்கிறது.

தீர்வுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. எல்லா நேரங்களையும் ஒரே நிலையான நேரத்துக்கு, பெரும்பாலும் கடைசிக் கமிட்டின் நேரத்துக்கு, கட்டிவைக்கலாம். கோப்புகளை அகரவரிசையில் அடுக்கலாம். அடுக்கும்போதும் எந்த மொழியின் வரிசை என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அதிலும் வேறுபாடு வரும். கம்பைலரின் பதிப்பு முதல் சின்னச் சின்ன நிரல்தொகுப்புகள்வரை எல்லோருக்கும் ஒன்றாக்க, மூடிய ஒரு சூழலுக்குள் கட்டலாம். பிட்காயின் திட்டம் 2011-லேயே கிட்டியன் என்ற கருவியோடு இதைத் தொடங்கியது, 2021-இல் வந்த 22.0 பதிப்பிலிருந்து கீக்ஸ் என்ற கருவிக்கு மாறியது. அடையாளத்தை மறைத்து இணையம் பார்க்க உதவும் டோர் பிரவுசர் 2013-இல் இந்தப் பாதைக்கு வந்தது. இரண்டு கோப்பு ஒத்துப்போகவில்லை என்றால் எந்த பைட்டில், ஏன் என்று பிரித்துக் காட்ட டிஃபோஸ்கோப் என்று ஒரு கருவி இருக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய வாரம் பலருடைய பொழுது இதன் முன்னால்தான் போகும்.

யாருடைய கையொப்பம்?

கோப்பு தயார். இனி அதில் டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். கையொப்பமிடும் சாவி வெளியீட்டாளரிடம் மட்டும் இருக்கும், சரிபார்க்கும் சாவி எல்லோரிடமும் இருக்கும். கவனமான திட்டங்களில் கையொப்பச் சாவியை இணையத்தோடு இணையாத கணினியிலோ தனி வன்பொருளிலோ வைப்பார்கள்.

ஹாஷையும் கையொப்பத்தையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். இணையதளத்தைக் கைப்பற்றியவர் கோப்பை மாற்றினால், அதே பக்கத்தில் இருக்கும் ஹாஷையும் மாற்றிவிட முடியும். கையொப்பத்தை அப்படி மாற்ற முடியாது. கையொப்பம் இருக்கிறது என்பது மட்டும் போதாது, யாருடையது என்றும் பார்க்க வேண்டும். டிரான்ஸ்மிஷன் என்ற டொரண்ட் மென்பொருளுக்கு 2016 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். அதன் சொந்த இணையதளத்திலேயே மேக் கணினிகளுக்கான 2.90 பதிப்பை மாற்றி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கெரேஞ்சர் என்ற வைரஸை உள்ளே வைத்துவிட்டார்கள். அந்தக் கோப்பிலும் செல்லுபடியாகும் ஆப்பிள் கையொப்பம் இருந்தது! ஆனால் அது டிரான்ஸ்மிஷன்காரர்களுடையது இல்லை, வேறு யாருடையதோ. கணினி "கையொப்பம் சரி" என்று உள்ளே விட்டுவிட்டது.

2019 நவம்பரில் மொனேரோவுக்கும் கிட்டத்தட்ட இதே கதி. அதிகாரப்பூர்வ தளத்திலிருந்த, கட்டளை தட்டி இயக்கும் வாலட் (பணப்பை) மென்பொருளின் கோப்புகளைச் சிறிது நேரம் யாரோ மாற்றிவைத்தார்கள். அதை வெளியே கொண்டுவந்தவர் ஒரு சாதாரணப் பயனர். இறக்கிய கோப்பின் ஹாஷ் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று அவர் கேட்ட கேள்விதான் எல்லோரையும் உஷார்ப்படுத்தியது. "யார் உட்கார்ந்து ஹாஷை ஒப்பிடப் போகிறார்கள்" என்று நக்கலடிப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான். நூறில் ஒருவர் ஒப்பிட்டால்கூட மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் காவல்.

கையொப்பச் சாவியே திருடுபோனால்? ஹைஃபாநெட் இதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. புதிய பதிப்பு அந்த வலைக்குள்ளேயே ஒரு சாவியின் கீழ் வெளியாகும், கணுக்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அதோடு ரத்துச் சாவி என்று இன்னொன்று. பதிப்புச் சாவி களவுபோனது என்று தெரிந்தால் ரத்துச் சாவியின் கீழ் ஒரு செய்தியைப் போடுவார்கள். ஒவ்வொரு கணுவும் புதிய பதிப்பை நிறுவும் முன், அப்படி ரத்துச் செய்தி ஏதும் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் நிறுவும். கண்டுவிட்டால் தானியங்கிப் புதுப்பிப்பையே நிறுத்திவிட்டுப் பயனருக்குச் சொல்லும், பக்கத்துக் கணுக்களுக்கும் கடத்தும். இது திரும்பப் பெற முடியாத ஆயுதம், ஒருமுறை போட்டால் போட்டதுதான். திருடனே ரத்துச் செய்தியைப் போட்டாலும் அதிகபட்சம் புதுப்பிப்பு நிற்கும், கெட்ட நிரல் பரவாது. தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகத் தவறும்படி யோசித்திருக்கிறார்கள்.

ஓட்டையைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

சாதாரண வெளியீட்டில், என்ன மாறியது என்று குறிப்பு எழுதுவது எளிது. பாதுகாப்புத் திருத்தம் இருக்கும்போதுதான் தர்மசங்கடம். மூலநிரல் திறந்திருப்பதால், திருத்தத்தைக் களஞ்சியத்தில் சேர்த்த நொடியிலேயே ஓட்டை எங்கே என்பதையும் ஊருக்குச் சொன்னதாகிறது. பயனர்கள் மாறுவதற்கு நாள்கணக்காகும், தாக்குகிறவருக்குச் சில மணி நேரம் போதும்.

2018 செப்டம்பரில், பிட்காயின் கணுக்களை இயக்கும் பிட்காயின் கோர் என்ற மென்பொருளின் 0.16.3 பதிப்பு வந்தது. கணுவை முடங்கவைக்கும் பிழை ஒன்றைத் திருத்தியிருக்கிறோம், உடனே மாறுங்கள் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அதே பிழையைக் கொண்டு இல்லாத காசை உருவாக்கவும் முடியும் என்பதைச் சுமார் இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அதன்பின் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார்கள். திறந்த திட்டத்தில் இப்படி மறைக்கலாமா என்ற விவாதம் இன்றும் உண்டு. எனக்கு அவர்கள் செய்தது சரியென்றே படுகிறது. முடங்கும் பிழை என்பதே அவசரமாக மாறுவதற்குப் போதுமான காரணம், மீதியையும் நாள்கணக்கில் சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் மறைத்திருந்தால் என் கருத்து வேறாக இருந்திருக்கும்.

வெளியே விட்ட பிறகு

கிட் களஞ்சியத்தில், இதுதான் புதிய பதிப்பு என்று குறிக்கும் டேக்கைக் கையொப்பத்தோடு போட்டாகிவிட்டது, கோப்புகள் ஏறிவிட்டன, அறிவிப்பும் போய்விட்டது. இனி என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? எண்ணிக்கை அனுப்பும் நிரலை மென்பொருளுக்குள் வைக்க முடியாது, வைத்தால் அது அந்தரங்க மென்பொருளே இல்லை. ஐ-டூ-பியில் ஒவ்வொரு கணுவும் வலைக்குத் தரும் அறிமுகத் தகவலில் பதிப்பு எண் இருப்பதால், எத்தனை பேர் மாறினார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஹைஃபாநெட் வலைக்குள் சும்மா ஒரு கேள்வியை உலவவிட்டு, அது போய்ச் சேரும் ஏதோ ஒரு கணுவிடம் பில்ட் எண், இணைப்பு வேகம் போன்றவற்றைக் கேட்கும். இணைப்பு வேகம் மாதிரியான எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை கலந்துதான் பதில் வரும், யாரையும் அதை வைத்து அடையாளம் காண முடியாதபடி. பயனர் விரும்பினால் பதிலே சொல்லாமலும் இருக்கலாம்.

மற்றதெல்லாம் ஆட்கள் வந்து சொன்னால்தான். அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலை வெளியிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிற வழக்கத்தை இந்தத் திட்டங்கள் தவிர்க்கப் பார்க்கின்றன. முதல் இரண்டு மூன்று நாள் யாராவது விழித்திருக்க வேண்டும். பெரிய பிழை என்றால் பின்வாங்க வழியில்லை, முன்னால்தான் போக வேண்டும். 1.2 கெட்டுப்போனால் 1.1-க்குத் திரும்பச் சொல்ல முடியாது, அவசரமாக 1.2.1 ஒன்றைச் செய்து அதே கம்பைல், ஹாஷ், கையொப்பப் பாதையில் மறுபடி நடக்க வேண்டும். இரவு இரண்டு மணி ஆனாலும் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கக்கூடாது. அவசரத்தில் செய்யும் இரண்டாவது வெளியீட்டில்தான் வழக்கமாகச் சறுக்குவார்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதில் கைகொடுக்கலாம். முன்வெளியீட்டுப் பதிப்பை உபரியாகக் கிடக்கும் ஒரு பழைய கணினியில் ஒரு வாரம் ஓடவிடுங்கள். அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் வேண்டாம், உண்மையாகவே மறைக்க வேண்டிய விஷயம் உள்ளவர் என்றால் முன்வெளியீட்டையே தொட வேண்டாம். இறக்கியதும் கோப்பின் ஹாஷை, லினக்ஸில் என்றால் ஷா256சம் கட்டளையைக் கொண்டு, கையொப்பமிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதல் நாலு எழுத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல் முழு 64-ஐயும் பாருங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். அனுப்பும் முன் லாக் கோப்பைத் திறந்து, அதில் இருக்கும் ஐபி முகவரிகளை அழித்துவிடுங்கள். உங்களுடையதை மட்டும் அழித்தால் போதாது, உங்கள் கணுவோடு பேசியவர்களின் முகவரிகளும் அதில் இருக்கும்.